மேல் செட்டும் கீழ் செட்டும்

என் மேசையில் இரண்டு வயர்லெஸ் செட்டுகள் இருந்தன. இடது கைப்பக்கம் இருந்தது எங்கள் மேல் தோட்டத்துடையது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது, இரும்புப் பெட்டி மாதிரி கனமானது. வலது கைப்பக்கம் இருந்தது கீழ் தோட்டத்துடையது. ஜப்பானில் செய்து சிங்கப்பூர் வழியாக வந்தது, பார்க்க லட்சணமாக இருக்கும். இரண்டும் ஒரே மேசையில், ஒரே பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது. சொத்துத் தகராறில் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்களே, அப்படி. நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு, இதில் கேட்டதை அதில் சொல்வேன், அதில் கேட்டதை இதில் சொல்வேன். மலேசியாவின் கேமரன் மலையில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சும்மா இருந்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். வேறு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. ஆபீஸில் டெலிபோன் எடுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும், மலாயும் ஆங்கிலமும் தெரிந்திருக்கவேண்டும் என்று தலைமை எழுத்தரான பெரிய கிராணி சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தால், மழை பெய்தால் டெலிபோன் செத்துக் கிடக்கும். மழையோ பாதி நாள் மத்தியானத்தில் பெய்தது. வேலை முழுக்க இந்த இரண்டு செட்டுகளோடுதான்.

எதற்கு இரண்டு என்று சொல்லவேண்டும். எங்கள் தோட்டம் மலைக்கு மேலே இருந்தது; தேயிலை ஃபேக்டரி எங்களிடம் இருந்தது. கீழ் தோட்டம் வேறு கம்பெனி. அவர்களிடம் ஃபேக்டரி கிடையாது. அவர்கள் பறித்த கொழுந்து லோரியில் ஏறி எங்கள் ஃபேக்டரிக்கு வரும். எங்கள் தேயிலைப் பெட்டிகள் லோரியில் இறங்கி, கீழ் தோட்டத்தைக் கடந்து, பிரிஞ்சாங் ரோட்டுக்குப் போகும். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே மண்ரோடு. அதில் பாதி வழியில் ஓர் இடம், ஒரு பக்கம் மலையை வெட்டிய செங்குத்தான சுவர், மறுபக்கம் பள்ளம். ஒரு லோரிக்குத்தான் இடம் உண்டு. அதை எல்லாரும் இடுக்கு என்பார்கள். நடுவில் எதிரே இன்னொரு லோரி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னாலேயே போகவேண்டும், பாரத்தோடு, பள்ளத்தின் ஓரமாக.

அதனால் இடுக்குக்குள் நுழையும் முன் டிரைவர் செட்டில் கேட்டாகவேண்டும். எங்கள் டிரைவர், "மேல் லோரி, இறங்கலாமா?" என்பார். அது இடது பக்கத்துச் செட்டில் கேட்கும். நான் வலது பக்கத்துச் செட்டை எடுத்து, "கீழ் லோரி, இடுக்குல இருக்கீங்களா? மேல் லோரி இறங்கக் கேக்குது" என்பேன். அவர், "இல்ல, வெளியதான் நிக்கிறேன், இறங்கச் சொல்லு" என்பார். நான் மறுபடி இடது பக்கம் திரும்பி, "இறங்கலாம்" என்பேன். ஒரு சின்னக் கேள்விக்கு இவ்வளவு வாய். வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும்.

பெரிய கிராணி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "கேட்டத அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத. ஒன் சொந்தக் கருத்து யாருக்கும் வேணாம்." அவர் ஆபீஸில் எல்லாருக்கும் சட்டம் போடுவார், வீட்டில் அவர் மனைவி அவருக்குப் போடுவதாகப் பேச்சு. ஆனாலும் இந்தச் சட்டத்தில் நியாயம் இருந்தது. டிரைவர் சொன்ன சொல்லில் ஒன்றை நான் மாற்றினாலும் லோரி பள்ளத்தில் கிடக்கும். அதனால் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதைச் சொன்னேன். 'கிளி' என்றே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். "என்ன கிளி, இன்னிக்கு மழ வருமா?" என்று காட்டிலிருந்து மண்டோர் செட்டில் கேட்பார். அவர் பெரிய மண்டோர், வேலைக்காடு முழுக்க அவர் பொறுப்பு, என் அப்பா வயது. எங்கள் தோட்டத்தின் கைசெட்டு எப்போதும் அவர் தோளில்தான் தொங்கும்.

இரண்டு தோட்டமும் ஒரே அலைவரிசையில் பேசினால் நடுவில் கிளி தேவையில்லை என்பது எனக்கே தெரிந்தது. தோட்டங்களை நடத்தும் துரைகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் யார் மாறுவது? எங்கள் துரை சொன்னார், நாங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதில்தான் பேசுகிறோம், நேற்று வந்தவன் மாறட்டும் என்று. கீழ் துரை சொன்னார், எங்கள் செட்டு புதுசு, பழைய இரும்பை வைத்திருப்பவன் தூக்கிப் போட்டுவிட்டு எங்களைப்போல வாங்கட்டும் என்று. சனிக்கிழமை சாயந்தரம் இரண்டு பேரும் கிளப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து குடிப்பார்கள். திங்கட்கிழமை காலையில் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லி, அலைவரிசைக்கு அனுமதி கொடுக்கும் அரசாங்க இலாகாவுக்கு எழுதுவார்கள். எங்கள் துரை சொல்வதை டைப் அடித்தவள் நான்தான். என் வேலையே போகும்படி நானே டைப் அடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. வேலை போய்விடுமா என்றுதான் கேட்டாள்.

ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர், எங்கள் குளிருக்குப் பயந்து சட்டைக்குமேல் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோய் வைத்தபோது, ஏன் ஒரே அலைவரிசை கொடுக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன். பெரிய கிராணி என்னை முறைத்தார். அதிகாரி கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு போட்டு, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார். இது கப்பலுக்கு, இது விமானத்துக்கு, இது போலீசுக்கு, இது ரேடியோவில் பாட்டு கேட்பதற்கு. எங்கள் செட்டு பேசும் துண்டு பிரிட்டிஷ் கம்பெனிகள் அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்டது. கீழ் செட்டு பேசும் துண்டு சிங்கப்பூரில் அனுமதித்தது. இப்போது நம் நாடு தனக்கென்று ஒரு பங்கீடு போடுகிறது. பக்கத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் எல்லாரும் தங்களுக்கென்று ஒன்று போட்டிருக்கிறார்கள். நம் பேச்சு அவர்கள் எல்லைக்குள் போய் விழும், அவர்கள் பேச்சு இங்கே வந்து விழும். அதனால் நாடுகள் எல்லாம் எங்கேயோ ஒரு பெரிய ஊரில் கூடி உட்கார்ந்து ஒத்துக்கொள்ளவேண்டும். அது முடிந்தபிறகுதான் உங்களுக்குப் பொதுவாக ஒன்று தரமுடியும் என்றார்.

"எங்கள் இடுக்கில் லோரி வழி கேட்பது தாய்லாந்துக்காரனுக்கு எப்படிக் கேட்கும்?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் சிரித்தார். கேட்காதுதான், ஆனால் சட்டத்தை மலைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று போடமுடியாதே என்றார். கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும் என்றார். தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. துரைகள் சொன்னதிலும் அவரவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். தப்பு செய்தவன் என்று ஒருத்தன் இருந்தால் அவனை வாய்க்கு வந்தபடி திட்டியாவது தீர்த்திருப்பேன்.

கீழ் லோரிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் வயதானவர், செட்டில் பேசும்போது எதிரில் ஆள் நிற்பதுபோலக் கத்துவார். இன்னொருவர் அவசரப்படாமல் பேசுவார். வழி கேட்டு, வழி கிடைத்தபிறகு, பொத்தானை விடுமுன் "ரொம்ப நன்றிங்க மேல் ஆபீஸ்" என்பார். தோட்டத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை. ஒருநாள் கொழுந்தை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "கிளி எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்" என்றார். "பாத்தாச்சுல்ல, போங்க" என்றேன். போகவில்லை.

கல்யாணப் பேச்சில் இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் திருச்சிப் பக்கத்து வம்சம், நாங்கள் சேலத்துப் பக்கம். முகூர்த்தப் புடவை எந்த வீடு எடுப்பது, தாலி எந்த மாதிரி, முதல் விருந்து யார் வீட்டில் என்று எல்லாவற்றிலும் முறை வேறு வேறு. எங்கள் அப்பா விறைத்துக்கொண்டு நின்றார், அவர் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு பெண்கள் எல்லாரும் உள்ளே கூடிப் பேசி, புடவை அவர்கள் முறைப்படி, தாலி எங்கள் முறைப்படி, விருந்து கோயில் மண்டபத்தில் என்று சாயந்தரத்துக்குள் முடித்துவிட்டார்கள். துரைகளையும் அந்த உள்ளறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கவேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு கீழ் தோட்டத்து லயத்தில் குடியிருந்தேன். காலையில் ஆள் ஏற்றும் லோரியில் மேலே வந்து அதே மேசையில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்து புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களில் கிடையாது. செட்டில் அது எனக்கு வசதியாகப் போயிற்று. 'கீழ் லோரி' என்று கூப்பிட்டால் போதும். அவரும் 'மேல் ஆபீஸ்' என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் சண்டை என்றால் அன்றைக்குச் செட்டில் நன்றி வராது. இரண்டு தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். "என்னா கிளி, கீழ் லோரி இன்னிக்கு மொறப்பா பேசுது, கொழம்புல உப்பு கூடிருச்சா?" என்று மண்டோர் கேட்பார். கேட்டதை அப்படியே அந்தப் பக்கம் சொல்லுகிற சட்டத்தை அப்போதெல்லாம் மீறினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தவழ ஆரம்பித்ததும் கீழ் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். இலாகாவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நாடுகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன போலிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை. மத்தியானம் அவர் கொழுந்து ஏற்றிக்கொண்டு வந்தார். வழக்கமாக உதவிக்குக் கூட வரும் கிலிண்டர் பையன் காய்ச்சல் என்று படுத்துவிட்டதால் தனியாக வந்தார். "மேல் ஆபீஸ், ஏறலாமா?" என்றார். எங்கள் லோரி ஃபேக்டரி வாசலில் நின்றது என் கண்ணுக்கே தெரிந்தது. "ஏறலாம்" என்றேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி என்று நினைத்தேன்.

பிறகு கீழ் செட்டில் அவர் குரல் வந்தது. "மேல் ஆபீஸ். மண்ணு சரிஞ்சிருச்சு. லோரி மாட்டிக்கிச்சு."

இடுக்கில் மலை இறங்கிவிட்டது. லோரி பாதி புதைந்து, பள்ளத்தில் விழாமல், சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரோட்டின் கீழ்ப்பக்கம் முழுக்க மண் அடைத்துவிட்டதால் கீழ் தோட்டத்து ஆட்கள் யாரும் நெருங்க முடியவில்லை. அவரை எட்ட முடிந்தவர்கள் எங்கள் மேல் தோட்டத்து ஆட்கள்தான். அவர் குரலைக் கேட்கக்கூடிய செட்டுகள் எல்லாம் கீழே இருந்தன; மேலே இருந்தது என் மேசையில் இருந்த ஒன்று மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று கேட்டேன். கூரைமேல் நட்ட கம்பியோடும் சுவர் கரண்டோடும் கட்டிவைத்த செட்டு, கழற்றினால் ஊமை என்றார் பெரிய கிராணி.

மண்டோர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இடுக்குக்கு ஓடினார். மண் தள்ளும் பலகை மாட்டிய தோட்டத்து ட்ராக்டரும் போயிற்று. அங்கிருந்து மண்டோர் எங்கள் செட்டில் கேட்டார், "உள்ள யாரும்மா? கெழவரா?"

நான் அவர் பேரைச் சொன்னேன். வாழ்நாளில் முதல்தடவையாக என் வாயால் சொன்னேன். சொல்லும்போது, யாரோ வேற்று ஆளைப்பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அந்தப் பக்கத்தில் மண்டோர் சீக்கிரம் வெட்டச் சொல்லி ஆட்களைப் பார்த்துக் கத்தினார். பிறகு, "சரிம்மா. நீ தைரியமா இரு. அவன் சொல்றத சொல்லிக்கிட்டே இரு" என்றார். கிளி என்று கூப்பிடவில்லை.

அவர் சொன்னார், நான் சொன்னேன். "டிரைவர் சீட்டுப் பக்கம் கதவு தொறக்கல." நான் இடது செட்டை எடுத்து, "டிரைவர் சீட்டுப் பக்கம் கதவு தொறக்கலயாம்" என்றேன். மண்டோர், "மேல எங்கயாச்சும் வெளிச்சம் தெரியுதான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். "கண்ணாடிக்கிட்ட ஒரு சந்து தெரியுது" என்றார். நான் சொன்னேன். ஆட்கள் முதலில் பின்பக்கம், கொழுந்து மூட்டைகள் இருந்த இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "அங்க இல்ல, முன்னுக்கு வரச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். என் குரல் தெளிவாகத்தான் இருந்தது. எப்படி அப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெரிய கிராணி பின்னால் நின்று என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இடையில் ஒருதரம் அவர், "பாப்பா நனஞ்சிடும், கொட்டகைக்கு யாரையாச்சும் அனுப்பு" என்றார். அது மேலே சொல்வதற்கான செய்தி இல்லை, எனக்கு. "சரிங்க" என்றேன். அதற்குள் இடது செட்டில் மண்டோர் கூப்பிட்டார். அன்று நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

முன்பக்கத்து மண் கெட்டியாக இருந்ததால் ட்ராக்டரை வைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். நல்லபடியாகத்தான் போனது. "சத்தம் கிட்ட கேக்குது" என்றார் அவர். குரலில் தெம்பு வந்திருந்தது. நான் அதைச் சொன்னதும் மேல் செட்டில் ஆட்கள் கூச்சல் போட்டது எனக்குக் கேட்டது. அந்தக் கூச்சல் அவருக்குக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்க வழியில்லை.

பிறகு அவர், "நிறுத்தச் சொல்லு. மேல மண்ணு அசையுது. ட்ராக்டர நிறுத்தச் சொல்லு" என்றார்.

அவர் சொல்லி முடித்து, அது எனக்குப் புரிந்து, நான் அந்தச் செட்டை வைத்து, இந்தச் செட்டை எடுத்து, பொத்தானை அழுத்தி, "நிறுத்துங்க" என்றேன். ட்ராக்டர் இரைச்சலில் மண்டோருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னம்மா? என்னத்த?" என்றார். "ட்ராக்டர, மேல மண்ணு அசையுதாம், நிறுத்துங்க" என்று கத்தினேன். மண்டோர் திரும்பி ட்ராக்டர்காரனிடம் கத்துவது செட்டில் கேட்டது. அதோடு சேர்ந்து வேறு சத்தமும் கேட்டது. ஆட்கள் ஓடும் சத்தம், "ஐயோ" என்ற சத்தம்.

வலது பக்கத்துச் செட்டில் ஒன்றும் இல்லை.

"கீழ் லோரி" என்று கூப்பிட்டேன். பிறகு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கீழ் தோட்டத்து ஆபீஸிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மண்டோர் இடது செட்டில் கேட்டார், "அம்மா, அவன் என்ன சொல்றான்? எங்க வெட்டணும்னு கேளும்மா." கேட்டதை அப்படியே சொல்லவேண்டியது என் வேலை. கேட்டது ஒன்றும் இல்லையே. "பதில் இல்ல" என்றேன். அவர் திரும்பக் கேட்டார். "பதில் இல்லண்ணே" என்றேன்.

இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். அடக்கத்துக்கு இரண்டு துரைகளும் வந்து ஒரே குடைக்குள் நின்றார்கள். மண்டோர் என் எதிரில் வரவே இல்லை. அவர் என்ன செய்வார், அவர் கையில் இருந்தது எங்கள் செட்டு. அவரை நான் ஒருநாளும் நொந்ததில்லை. அப்போதெல்லாம் மலையைத்தான் நொந்தேன், மழையை நொந்தேன், சாமியை நொந்தேன். மலை சரிந்தால் யார் என்ன செய்யமுடியும் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். அப்படி நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வந்தது.

குழந்தையைப் பார்க்கவேண்டுமே என்று வேலைக்குத் திரும்பினேன். அதே மேசை, அதே இரண்டு செட்டு. கீழ் லோரிக்குப் புதிதாக ஒரு டிரைவர் வந்தார். பாவம், மரியாதையான ஆள். வழி கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

சில மாதத்தில் இலாகாவிலிருந்து அனுமதி வந்துவிட்டது. இரண்டு தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு அலைவரிசை. நாடுகள் எல்லாம் கூடிப் பேசி முடித்துவிட்டார்களா என்று பெரிய கிராணியிடம் கேட்டேன். அதெல்லாம் இன்னும் முடியவில்லையாம், இது நமக்கு மட்டும் தனியாகக் கொடுத்தது, விபத்து நடந்ததால் கொடுத்தது என்றார். தனியாகக் கொடுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து என் நாத்தனார் மகன் காரில் வந்தான். காருக்குள் ஒரு டெலிபோன் வைத்திருந்தான். லயமே கூடிப் பார்த்தது. ஜோகூர் பாலம் தாண்டி நம் எல்லைக்குள் வந்ததும் அது பேசவில்லை. "அங்க ஒரு மொற, இங்க ஒரு மொற அத்த. இந்தப் பக்கம் வந்தா வெறும் பொம்மதான்லா" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவனுக்கு என்ன தெரியும், பிள்ளைப்பூச்சி. என் ஆத்திரத்தை அவன்மேல் காட்டக்கூடாது என்றுதான் போனேன்.

அதற்கு முன்னால், இலாகா அனுமதி வந்த கையோடு செட்டை மாற்ற ஆள் வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பையன், மெக்கானிக். காலையில் கீழ் தோட்டத்தில் எல்லாச் செட்டையும் மாற்றிவிட்டு எங்களிடம் வந்தான். மண்டோரின் கைசெட்டையும் எங்கள் லோரி செட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக என் மேசைக்கு வந்தான். பெரிய பெட்டிகளில் புதுச் செட்டுகள் வரும், பழையதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவன் கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். அவன் எங்கள் செட்டின் பின்மூடியைத் திருப்புளியால் கழற்றி, உள்ளேயிருந்து எதையோ பிடுங்கி, பையிலிருந்து அதேபோல ஒன்றை எடுத்துச் சொருகி, மூடியைத் திரும்பப் போட்டான். அப்புறம்தான் தேநீரை எடுத்தான். அது இன்னும் ஆறவில்லை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்க்கா. இதுதான் அலைவரிச. கிரிஸ்டல்ம்பாங்க." பிடுங்கியதை என் உள்ளங்கையில் வைத்தான். தகரத்தில் மூடிய துண்டு, என் கட்டைவிரல் நகம் அளவு.

"செட்டையே தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்னு சொன்னாங்களே?"

"யாருக்கா சொன்னது? ரெண்டு தோட்டத்து செட்டும் நல்ல செட்டுலா. பெர்மிட் மட்டும் இருந்திருந்தா எப்பவோ மாத்திருக்கலாம்." நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, "ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்கக்கா" என்றான்.

எங்கள் செட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தி, "கீழ் லோரி" என்றேன்.

பொத்தானை விட்டேன். விட்டவுடன் அதே செட்டிலிருந்து புது டிரைவரின் குரல் வந்தது. "கேக்குது, சொல்லுங்க." நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு செட்டை வைத்து இன்னொன்றை எடுக்கிற நேரம் இல்லை, திரும்பச் சொல்லுகிற நேரம் இல்லை. அந்த நேரம்தான் அவருக்கு இல்லாமல் போனது. அதை மலை எடுத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த இந்த நகத்தளவு தகரத்தை மாற்ற யாரும் கையெழுத்துப் போடாததால் போனது.

"மேல் ஆபீஸ், கேக்குது, சொல்லுங்க" என்றது குரல். "பேசுங்கக்கா" என்றான் பையன்.

பொத்தானை அழுத்தினேன். அழுகைதான் வந்தது. பையன் பயந்துபோய் எழுந்துவிட்டான். பெரிய கிராணி ஓடிவந்து, "கைய எடும்மா, எல்லாருக்கும் கேக்குது" என்றார். எனக்குத் தெரியும். இரண்டு ஆபீஸிலும், இரண்டு தோட்டத்து லோரிகளிலும், காட்டில் நின்ற மண்டோரின் தோளிலும் அது ஒரே நேரத்தில் கேட்கும். எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாம். கேட்கட்டும் என்றுதான் கையை எடுக்காமல் அழுதேன்.